வலது காலும் ஏர் ரைஃபிள் அணியும்

என் வலது கால் ஆடும். உட்கார்ந்தால் போதும், தானாகத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு தடவை. 1988-இல் ஆகுர்டி ஸ்டேஷனில் லோக்கல் வண்டிக்காக ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டி முக்கால் மணி தாமதம். அது வந்தபோது நானும் பெஞ்சும் அடுத்த ஸ்டேஷனான சிஞ்ச்வாட் பக்கமாகப் பதினோரு அடி நகர்ந்திருந்தோம். பன்னிரண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு மிகைப்படுத்தப் பிடிக்காது.

வீட்டில் என் மனைவி பாமா ஆட்ட விடமாட்டாள். "காலை ஆட்டாதேங்கோன்னா! ஃப்ரிட்ஜ் நடந்து ஹாலுக்கு வந்துடுத்து" என்பாள். அதனால் ரிடையர் ஆனதும் பிம்ப்ரியில் ஒரு கல்லூரியின் துப்பாக்கி சுடும் அறைக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். ஏர் ரைஃபிள்களைப் பூட்டித் திறக்க வேண்டும். மாணவிகள் சுடும்போது பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குச் சுடத் தெரிய வேண்டும் என்று விதியில் இல்லை.

அறை மாடியில் இருந்தது. பழைய மரப்பலகைத் தளம். அணியில் மூன்று பேர்: ப்ரியம்வதா, ராஜஸ்ரீ, வைஷு. முதல் வாரம் அவர்கள் சுட்ட குண்டுகள் எல்லாம் சுவரில் இருந்தன. மின்விசிறியில் ஒன்று. இரண்டாவது மாதம் ப்ரியம்வதா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். என் கால் ஆடுகிற ஆட்டத்தில் பலகை மேலே வந்து, கீழே இறங்குவதற்கு முன் ஒரு கணம் அப்படியே நிற்கிறது. அந்தக் கணத்தில் விசையை அழுத்தினால் குண்டு நடுப்புள்ளிக்குப் போகிறது. மற்ற இருவரும் பழகிக்கொண்டார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜனவரியில் பிரின்ஸிபால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வந்தால் அறை இருக்கும். வராவிட்டால் அது ஸ்டார்ட்-அப் கூடமாகிவிடும். பெண்களுக்குச் சுட வேறு இடம் கிடையாது. எனக்கு ஆட்ட வேறு இடம் கிடையாது.

போட்டி பாணேர் பக்கம் ஒரு பேட்மிண்டன் அரங்கில். சுடுகிறவர்கள் நிற்க நீளமாகப் பலகை மேடை போட்டிருந்தார்கள். ஆளுக்கு அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. மூன்று பேரின் புள்ளிகளையும் கூட்டினால் அணியின் கணக்கு. என்னைப் பார்வையாளர்களோடு சிமெண்ட் தரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வரும் வழியில் வாகட் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் மடங்கிக் கிடந்த கால், உட்கார்ந்ததும் பிய்த்துக்கொண்டு ஆடியது. பெஞ்ச் மாதிரி இல்லை, தரை அசைந்து கொடுக்கவில்லை.

திரையில் எங்கள் அணியின் புள்ளிகள் 8.9, 8.7, 9.1 என்று வந்தன. ஒன்பது அணிகளில் நாங்கள் எட்டாவது. ப்ரியம்வதா நடுவருக்குக் கைகாட்டிவிட்டு, சுடுகிறவர்கள் போடுகிற அந்த விறைத்த கோட்டில் பீரோ நடந்து வருகிற மாதிரி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், மேடைல வந்து உட்காருங்கோ."

"ஏம்மா, தண்ணி வேணுமா?"

"தண்ணி நக்கோ, வேண்டாம்! தரை ஆடவே மாட்டேங்கறது."

"ஆடலைன்னா நல்லதுதானே?"

"அரே அங்கிள், ஆடாத தரைல நாங்க எப்போ சுட்டிருக்கோம்?"

மேடை ஓரத்தில் அணி மேலாளர்களுக்கு நாற்காலிகள் இருந்தன. போய் உட்கார்ந்தேன். பலகை என்னை அடையாளம் கண்டுகொண்டது. 10.2. 10.5. 10.4. எங்கள் பெண்களின் தோள்கள் தளர்ந்து இறங்கின. மற்ற அணிகளுக்கு 7, 6 என்று வர ஆரம்பித்தது. ஒரு பெண் பக்கத்துக்காரியின் இலக்கைச் சுட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் ஐந்தாவது, மூன்றாவது, இரண்டாவது.

முதலிடத்து அணியின் கோச் ரங்கராஜன் கோயமுத்தூர்க்காரர். நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அந்தக் காலை நிறுத்துங்க! புள்ளைங்க கப்பல்ல நின்னு சுடற மாதிரி இருக்குதுங்க."

"நான் ஆட்டலை. அது ஆடறது."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க!"

அவர் நடுவரை அழைத்து வந்தார். நடுவர் ஓய்வு பெற்ற சுபேதார். தொண்ணூறு கிலோ, கனத்த பூட்ஸ். "காகா, பாய் ஹலவூ நகா" என்று, ஆட்டக் கூடாதென மராட்டியில் என் காலைப் பார்த்து உத்தரவு போட்டார். கால் கேட்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்துக் கை. கால் நின்றுவிட்டது.

அதற்குள் எல்லோரும் சுட்டு முடித்திருந்தார்கள். மிச்சம் ப்ரியம்வதாவின் கடைசிக் குண்டு ஒன்றுதான். கோப்பைக்கு 10.3 வேண்டும். நான்கு நிமிடம் இருந்தது. துப்பாக்கியைத் தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள், இறக்கினாள். கோட்டின் பொத்தானைக் கழற்றி மாட்டினாள். ராஜஸ்ரீ நகத்தைக் கடித்து முடித்துவிட்டு வைஷுவின் நகத்தைக் கேட்டாள். எனக்குள் அடைபட்ட ஆட்டம் தொடைக்கு ஏறியது, வயிற்றைச் சுற்றியது, தோளுக்கு வந்தது. வெளியே போக வழியில்லாமல் திரும்ப முழங்காலுக்கே இறங்கியது. அங்கே ஒரு கை இருந்தது.

ஆட்டம் அந்தக் கை வழியாகப் போய்விட்டது.

சுபேதார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது பூட்ஸ் முதலில் மெதுவாகத் தட்டியது. பிறகு வேகம் பிடித்தது. நான் எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. தொண்ணூறு கிலோ பின்னால் இருந்ததால் என்னுடையதைவிட ஆழமான ஆட்டம். பலகை எழுந்தது, நின்றது. ப்ரியம்வதா அழுத்தினாள்.

10.4.

மூன்று பெண்களும் அலறியதில் நான்தான் அரங்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தவன். ரங்கராஜன் புகாரைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடி வந்தார். மேடையை ஆட்டியவர் பெயர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது.

"யாரு காலுன்னு நீங்களே பாருங்க சார்" என்று இந்தியில் சொல்லிக் கீழே கைகாட்டினார்.

சுபேதார் குனிந்து பார்த்தார். என் கால் சாதுவாக இருந்தது. பூட்ஸ் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.  தாளை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்து, "புகாரில் ஆதாரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து தாளில் தொடங்கி, மேசை விரிப்பில் ஓடி, ரங்கராஜனின் சட்டைக் கையில் போய் முடிந்தது.