ஒரு விரல் சந்து

ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் ஓணானக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக மலையுச்சியில் ஓணான் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் எண்ணிக்கையில்தான். முதல் வருடம் அறுபத்தொன்று. போன வருடம் ஒன்பது.

வருடா வருடம் வெயில் ஏற, அந்தச் சாம்பல் நிற ஓணான்களும் குளிர்ச்சியைத் தேடி மேலே மேலே ஏறி உச்சிக்கே வந்துவிட்டன. இனி ஏறுவதற்கு ஆகாயம்தான் பாக்கி. தலைமை அலுவலகத்து அதிகாரி இதற்குச் சுலபமாக ஒரு வழி வைத்திருந்தார். இந்த மாதக் கடைசியில் நேரில் வந்து பார்ப்பார். தேறாது என்று பட்டால் மிச்சமிருப்பதையெல்லாம் பிடித்து நகரத்து உயிரியல் பூங்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிடுவார். முன்பு அப்படிக் கொண்டுபோன ஆறும் ஒரு முட்டைகூட இடாமல் செத்துப்போயின. அந்த ஆறையும் தன் கையால் பிடித்து ஜீப்பில் ஏற்றியவள் அவள்தான். இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் செய்வதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து நிலையத்தின் பின்சுவர் சரிந்தது. கட்டிக் கொடுக்க வந்தவர் அவளுடைய அக்கா புருஷன். நல்ல கொத்தனார், கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"அப்படி என்னதான் நீ எண்ணுறேன்னு நானும் வந்து பாக்குறேன்" என்று மூன்றாம் நாள் அவள் பின்னாலேயே முகட்டுக்கு ஏறி வந்தார்.

அவள் இரும்புக் கொக்கியால் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். அங்கேயும் ஒன்றுமில்லை. மாமா முதல் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கல் ஆடியது.

"இத யாரு வெச்சது?"

"நான்தான் மாமா. தூக்கிப் பாத்துட்டு அதே இடத்துல வெச்சிடுவேன். நம்பர்கூடப் போட்டிருக்கு பாருங்க."

"இடமெல்லாம் சரிதான். கல்லு உக்காரலியே! அடியில சரளை விழுந்து தூக்கிக்கிட்டு நிக்குது. காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போகுது. வெயில் நேரத்துல இது நிழலில்ல மச்சினி, அடுப்பு."

"நீங்க உங்க சுவரைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாலெட்டு நடந்து, நம்பர் இல்லாத ஒரு கல்லைக் காட்டினார். அது தூக்க முடியாத கனம் என்று அவள் விட்டுவைத்தது. மேட்டுப் பக்கம் மண்ணோடு மண்ணாக மூடியிருந்தது. பள்ளத்துப் பக்கம் மட்டும் ஒரு விரல் நுழையும் சந்து. அவள் அதற்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். இருபத்து மூன்று. தன் கல்லுக்கு அடியில் விட்டாள். முப்பத்தெட்டு.

அந்த முகட்டில் ஓர் ஆளால் தூக்க முடிந்த கல் எல்லாவற்றிலும் அவள் நம்பர் இருந்தது. வெயில் பாதியைத்தான் செய்திருக்கிறது. மீதியைச் செய்தது எண்ண வந்தவளின் கை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுது முடித்துவிட்டு அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"இத ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க? உங்க பேருதானே கெடும்?"

"கெடட்டும் சார். கல்லைச் சரி பண்ணிட்டு எண்ணலாம்."

"நான் வர்ற தேதி மாறாது."

இருபத்தாறு நாள் இருந்தது. அவள் கிழக்குச் சரிவை எடுத்துக்கொண்டாள். போன வருடம் அங்கே ஓர் ஓணான்கூட இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கல் மட்டும் இருந்தது. சரளையைச் சுரண்டி எடுத்து, மேட்டுப் பக்கம் மண் அணைத்து, பள்ளத்துப் பக்கம் விரல் கனத்துக்கு ஒரு கல்சில்லைக் கொடுத்துக் கல்லை இறக்க வேண்டும். முதல் நாள் அவள் வைத்த பத்தையும் மாமா பெயர்த்துவிட்டார். அவள் மறுபடி வைத்தாள். நகம் நாலு போயிற்று.

"எத்தனையோ பேருக்கு வீடு கட்டியாச்சு" என்றார் மாமா. "குறையே சொல்லாத வீட்டுக்காரன் இவன்தான்."

பின்சுவர் பாதியிலேயே நின்றது.

அதிகாரி சொன்ன தேதிக்கே வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு முதல் கல்லுக்குக் குனிந்தார். அவள் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தூக்கக் கூடாது சார்."

"தூக்காம எப்படிம்மா எண்ணுறது?"

"உக்காந்து" என்று தொலைநோக்கியை நீட்டினாள்.

சரிவுக்கு எதிரே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கப் போனவர் கையை அப்படியே நிறுத்தினார். நாற்பதாம் நம்பர் கல்லின் சந்திலிருந்து ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்தது. வயிறு புடைத்த பெண் ஓணான். கொஞ்ச நேரம் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே போய்விட்டது. நண்பகலுக்குள் ஏழு தெரிந்தன.

"ஏழுதானா?" என்றார் அதிகாரி. "போன வருஷத்தவிடக் குறைவு."

மாமா வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். "ஏழுதான் சார். கூட்டி எழுத வேணாம். ஆனா போன வருஷத்து ஒன்பது முழு முகட்டுக்கும். இந்தச் சரிவுல அப்ப ஒண்ணுமே இல்ல."

அதிகாரி மறுபடி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் நாற்பதாம் கல்லையே பார்த்தார். பிறகு படிவத்தில் ஏழு என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: பிடிப்பது ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. சரி செய்த கல்லைத் தூக்க யாருக்கும் அனுமதியில்லை.

"உங்களுக்கும் சேத்துத்தாம்மா."

"முதல்ல எனக்குத்தான் சார்" என்றாள்.

ஜீப் இறங்கிப் போனதும் அவள் மேற்குச் சரிவுப் பக்கம் திரும்பினாள்.

"அங்க முந்நூறு கல்லு இருக்கு மாமா. சரி பண்ணிட்டா அப்புறம் நானும் தொட மாட்டேன்."

மாமா பெருமூச்சு விட்டுக் கொத்துக் கரண்டியை எடுத்தார். "உங்கக்காவுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. அந்தத் தைரியம் எனக்கில்ல."