லட்சுமிக்குக் கீழே ஒரு வக்கீல்

செல்லக்கனி அண்ணாச்சி கடைக்கு உளுந்து வாங்கப் போன கனகமணி, உளுந்தை மறந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபத்திரண்டாம் வருஷத்துப் புதுக் காலண்டர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. செந்தாமரையின் மேல் நின்ற லட்சுமியின் கையிலிருந்து பொற்காசு கொட்டிக்கொண்டிருந்தது. காசு விழுகிற இடத்துக்கு நேர் கீழே, கட்டம் கட்டிய பட்டைக்குள், நீல மையில் இப்படி அச்சாகியிருந்தது: ‘தே. கனகமணி, பி.ஏ., பி.எல்., வக்கீல், சிவகாசி. சகல கோர்ட்டு வழக்குகளும் சிறந்த முறையில் நடத்தித் தரப்படும்.’

“என்ன வக்கீலம்மா, அப்பிடிப் பாக்கீக?” என்றார் அண்ணாச்சி, உளுந்தை அளந்துகொண்டே. “நேத்துத்தான் ஒங்க அப்பா கொண்டாந்து குடுத்தாரு. தீப்பெட்டிக் கம்பெனிக் காலண்டரை எறக்கிப்புட்டு ஒங்களை ஏத்தியிருக்கேன். இனிமே யாரும் என்கூட வம்பு வழக்குன்னு வரட்டும், பாப்போம்!”

“அண்ணாச்சி, அதைக் கழட்டித் தர முடியுமா?”

அவர் கை அப்படியே நின்றது. “மாட்டுன லட்சுமியைக் கழட்டவா? நல்லாக் கேட்டீக, போங்க. யாவாரம் பண்ற எடம் தாயி இது.” அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. பொட்டலம் கட்டும் சணலை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். “வேணும்னா ஒங்க பேரை மட்டும் வெட்டிக்கிருங்க. லட்சுமி இருக்கட்டும்.”

சிவகாசியில் காலண்டர் என்பது தேதி பார்க்கிற காகிதம் மட்டுமல்ல. வருஷப் பிறப்புக்குக் காலண்டர் கொடுக்காத கடையைக் கடை என்றே யாரும் மதிக்க மாட்டார்கள். பட்டாசு ஆலை, சோடாக் கம்பெனி, சலூன், எல்லாரும் போடுவார்கள். கொடுக்க மறந்தால் வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆனால் வக்கீல் போடக் கூடாது. தன்னை நாடி வாருங்கள் என்று வக்கீல் தன்னையே விளம்பரம் செய்துகொள்வது தொழிலுக்கு இழுக்கு. சட்டம் படித்தவர்களுக்கு இது முதல் பாடம். படிக்காதவர்களுக்கு யார் சொல்வார்கள்?

கனகமணி சென்னையில் சட்டம் படித்துக் கறுப்பு அங்கி போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஊர் திரும்பி, சீனிவாசகம் என்கிற பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். பிராது எழுதுவாள், பழைய தீர்ப்புகளைத் தேடி எடுப்பாள், வாய்தா வாங்குவாள். அவளுக்கென்று ஒரு கட்சிக்காரர்கூட வந்ததில்லை. வருகிறவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, “வக்கீலய்யா உள்ள இருக்காகளா?” என்பார்கள். அவளோடு தேறிய ஆண்பிள்ளைகள் பாடும் பெரிதாக இல்லை. ஒருவன் மாமனாரின் ஆயில் மில்லில் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினான். முன்சீப் பரீட்சை எழுதவோ இன்னும் வருஷங்கள் கிடந்தன. இந்த நிலையில்தான் ஜட்ஜ் ஒருவர், வழக்குக் கட்டுகளைப் படித்துச் சுருக்கம் எழுதவும் தீர்ப்புக்குக் குறிப்பெடுக்கவும் சட்டம் படித்த குமாஸ்தா ஒருவர் வேண்டுமென்று கேட்டிருந்தார். தற்காலிக வேலைதான். கிடைத்தால் வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமையான சன்னதை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குமாஸ்தா வேலைக்கா பி.எல். படித்தாய் என்று சிலர் கேட்டார்கள். அவளுக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து பார்க்கலாம். யாரும் அவளைத் தாண்டி எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஜனவரி எட்டாம் தேதி நேர்காணல். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அப்பா தேவாசீர்வாதம் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். அறை அறையான பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடது கையில் பிடித்த சட்டத்தில் அடுக்குகிற வேலை. வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, மீதிக் காலண்டர்களைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஆர்டர் ரத்தாகி மிஞ்சிய படங்கள். முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வேலை முடிந்த பிறகு இருந்து, அவரே பெயரைக் கோத்து, அவரே மிஷினில் ஓட்டியிருக்கிறார்.

“சபைக்காரங்களுக்கு நல்ல மேய்ப்பன், மத்தவுகளுக்கு லட்சுமியும் முருகனும்” என்றார் உற்சாகமாக. “ஆளு பாத்துத்தான் குடுக்கேன். பாஸ்டர் ஐயாவுக்குக் கை தவறி முருகனைக் குடுத்துட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே மாத்தி வாங்கிக்கிட்டாரு.”

“அப்பா, வக்கீல் காலண்டர் போடக் கூடாது.”

“ஏன்? எல்லாக் கம்பெனியும் போடுதுல்லா?”

“நான் கம்பெனியா?”

அவள் வக்கீல் தொழிலின் விதியைச் சொன்னாள். நேர்காணலில் யாராவது இதை நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நூலை விட்டுவிட்டார். சுருள் மெதுவாக விரிந்தது. குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், “நீ பாத்தியே தாயி” என்றார்.

ஆமாம், பார்த்தாள். நவம்பரில் ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது, ஈரம் காயாத தாள் ஒன்றை அவர் காட்டினார். “எப்பிடி இருக்கு?” என்று கேட்டார். “நல்லா இருக்குப்பா” என்றாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததா? அந்த நொடியில் விதி நெஞ்சுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்ததும், அவள் அதைப் பேசாமல் போகச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தன. அம்மா இறந்து இந்த ஒன்பது வருஷத்தில் அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அது ஒரு காரணம்தான். தன் பெயர் அத்தனை பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்க்க அவளுக்கும் ஆசையாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் கத்தரிக்கோலும் துணிப்பையுமாகக் கிளம்பினாள். யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று நினைவுபடுத்திச் சொல்ல அப்பாவும் கூடவே வந்தார். புதுப்பட்டியில் ஒரு ஃபோர்மேன் வீடு, சாத்தூர் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை, தையல்காரர், கம்பவுண்டர். காலண்டரைத் திருப்பிக் கேட்டால் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். பெயரை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்றால் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள். சிலர் பரிதாபப்பட்டார்கள். “ஏம்மா, பரீட்சையில பெயிலாயிட்டியா?” என்று கேட்டார் கம்பவுண்டர். தையல்காரரோ அவள் வெட்டுவது கோணல் என்று கத்தரிக்கோலைப் பிடுங்கித் தானே நேராக வெட்டிக் கொடுத்தார். பொழுது சாயும்போது பை நிறைய அவள் பெயராக இருந்தது. அப்பா ஒரு பட்டையை எடுத்து, கட்டைவிரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். “மை நல்லாப் பிடிச்சிருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையில் போட்டார்.

கடைசியாக அச்சங்குளம். அப்பாவோடு வேலை பார்க்கிறவரின் உறவுக்காரி சின்னத்தாய் அங்கே இருந்தாள். அவள் புருஷன் கண்ணுச்சாமி போன சித்திரையில் பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் தீப்பிடித்துச் செத்துப்போனவன். அவன் பீடி பற்ற வைத்ததுதான் காரணம் என்று எழுதி, நஷ்டஈடு கிடையாதென்று கம்பெனி கையை விரித்துவிட்டது. காலண்டரை அவள் சுவரில் மாட்டவில்லை. மடித்த சேலைகளுக்கு நடுவே, பிறந்த பிள்ளையைக் கிடத்தியதுபோல வைத்திருந்தாள்.

கனகமணி கத்தரிக்கோலை எடுத்ததும் சின்னத்தாய் காலண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“படத்தை வேணா வெட்டிக்கிருங்க. பேரை விட்டுட்டுப் போங்க.”

“பேர்தான் இருக்கக் கூடாதும்மா.”

“பள்ளிக்கூடத்து டீச்சரு வாசிச்சுச் சொன்னாக. பொம்பளை வக்கீலு, எல்லாக் கேசும் பாப்பாகன்னு. ஆம்பளை வக்கீலுக்கிட்ட நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தாச்சு. எம்புருசன் பீடியே குடிக்க மாட்டான், தாயி. வெத்தலைதான் போடுவான். அதைச் சொன்னா சிரிக்காக. பொங்கல் கழிச்சு ஒங்கள வந்து பாக்கலாம்னு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அப்ப நீங்க வக்கீல் இல்லியா?”

எட்டாம் தேதி வரைக்கும் வக்கீல்தான் என்றா சொல்வது? “இருக்கட்டும், வச்சுக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கனகமணி கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். திரும்பி வரும்போது அப்பா, “ஒண்ணுதானே, யாரு பாக்கப் போறா” என்றார். அவள் காதில் அது விழவில்லை. பீடிக்கும் வெற்றிலைக்கும் சாட்சி யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

எட்டாம் தேதி காலையில் அப்பாவும் அவளோடு பஸ் ஏறினார். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்துகொண்டார். வேலைக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு பழைய வழக்குக் கட்டைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் சுருக்கம் எழுதச் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் சண்டை போட்ட கதை அவளுக்கு வந்தது. எழுதி முடித்துக் கொடுத்தாள். கடைசியாக அவளைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஜட்ஜ் ஐயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஓயாமல் படித்துச் சோர்ந்த கண்கள். அவள் எழுதிய தாள் மேஜைமேல் இருந்தது. “மூணு பேர்ல நீங்கதான் தம்பியோட கட்சியை மட்டுமில்லாம அண்ணனோட கட்சியையும் ஒழுங்கா எழுதியிருக்கீங்க” என்றார். அவளுக்கு மூச்சு லேசாகிற நேரத்தில் இழுப்பறையைத் திறந்து ஒரு சுருளை எடுத்தார். பிரித்தபோது லட்சுமியின் தாமரைமேல் எண்ணெய்த் துளிகள் தெறித்திருந்தன.

“உங்க பேர் எனக்கு ஒரு வாரமாத் தெரியும். எங்க சமையல்காரர் சிவகாசிக் கடையிலேர்ந்து மளிகைச் சாமானோட கொண்டுவந்து சமையல்கட்டுல மாட்டிட்டார். தினம் காப்பிக்குப் போறப்பெல்லாம், சகல கோர்ட்டு வழக்குகளும் சிறந்த முறையில்னு படிச்சுட்டுத்தான் வரேன்.”

அவர் உதடு சிரிப்பில் லேசாக நெளிந்து, பிறகு நேராயிற்று. கனகமணி தலை குனிந்து நின்றாள். செல்லக்கனி கடையிலிருந்து ஆரம்பித்து அத்தனை வீட்டுக்கும் நடந்தும், இந்த ஒரு சமையல்கட்டுக்கு அவள் கத்தரிக்கோல் எட்டவில்லை.

“உங்க அப்பா அச்சாபீஸ்ல இருக்கார்னு விண்ணப்பத்துல பாத்தேன். எனக்குப் புரியுது. இதைப் பெரிசாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது.” ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். “எனக்குத் தெரியாம என் தகப்பனார் செஞ்சதுன்னு ரெண்டு வரி. கீழே அவரோட கையெழுத்து. அதை ஃபைல்ல வச்சுட்டு ஆர்டர் போட்டுடலாம்.”

ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல், எந்த இடம் என்று கேட்டுப் போட்டுவிட்டு, வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்பார். எத்தனை சுலபம்! அவள் பேனாவை எடுத்தாள். ‘எனக்கு’ என்று எழுதினாள். அடுத்த வார்த்தைக்கு முன்னால் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிற்காமல் எழுதி முடித்து, தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இதை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?”

“தெரியலைங்க, ஐயா.”

“சரி, போயிட்டு வாங்க. தபால்ல தெரியப்படுத்துவோம்.” தாளை அவர் கட்டுக்குள் வைக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. காற்றுக்குப் பறக்காமல் கண்ணாடிக் குண்டு ஒன்றை அதன்மேல் தூக்கி வைத்தார்.

வேப்பமரத்தடியில் அப்பா எழுந்து நின்றார். “என்ன கேட்டாக?”

“காலண்டர் அவுக வீட்டுக்கே போயிருக்கு. எழுதிக் குடுக்கச் சொன்னாக.”

“குடுத்துட்டியா? எங்கிட்டக் கையெழுத்து கேக்கலையா?”

“உங்க கையெழுத்துக்கு வேலை இல்லாமப் போச்சுப்பா.”

“என்ன எழுதுன? எழுதுனதை எழுதுனபடி சொல்லு.”

பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள். “எனக்கு இந்தக் காலண்டரின் அச்சுத் தாளை என் தகப்பனார் நவம்பர் மாதமே காட்டினார்.”

“மெதுவாச் சொல்லு.”

“விதி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தாள். இடது உள்ளங்கையை எதையோ தாங்குவதுபோல மடக்கி வைத்திருந்தார். வலது கை அவருக்கே தெரியாமல் அந்தரத்தில் இங்குமங்கும் போய், இல்லாத அறைகளிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி இடது கையில் அடுக்கிக்கொண்டிருந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, அந்தக் கைக்கு ஈடுகொடுத்துச் சொன்னாள்.

“என் பெயரை அச்சில் பார்த்த சந்தோஷத்தில்…”

வலது கை நடுவில் நின்றது. அந்த வார்த்தைக்கு எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்று தேடுவதுபோல, நகக்கண்ணெல்லாம் மை ஏறிய அந்த விரல்கள் வேப்ப நிழலில் அப்படியே நின்றன.