முகமூடிக்கு என்ன விகுதி?

காலை பதினொரு மணிக்குள் ஏஞ்சல் நான்கு முறை எழுந்து அடுப்படிக்குப் போய் வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கவுமில்லை, அடுப்பைப் பற்றவைக்கவுமில்லை. மேசைமேல் லேப்டாப்பில், முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லி நிறுவனம் அனுப்பியிருந்த 'பனிவாசல்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டாம் சீசன் அப்படியே நின்றிருந்தது. ஏழாவது பாகம், பதினெட்டாவது நிமிடம். சண்டையில் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே இருப்பது ஒரு பெண்.

முதல் சீசனுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியவள் ஏஞ்சல்தான். ஆவூர் வீட்டிலிருந்தே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக் கொடுக்கிறாள். பன்னிரண்டு பாகங்களிலும் இரட்டை வாளோடு வந்து பேய்ப்படையைச் சிதறடித்த அந்த முகமூடியை அவள் 'அவன்' என்றே எழுதியிருந்தாள். ஆங்கில ஸ்கிரிப்டில் ஆணா பெண்ணா என்று காட்டாமல் 'தே' (they) என்று பன்மையில் இருந்ததை எழுதியவரின் சோம்பல் என்று நினைத்துவிட்டாள். தமிழில் வினைச்சொல்லை எப்படியாவது முடித்தாக வேண்டுமே. வந்தானா, வந்தாளா? கையில் வாள் இருந்தது. வந்தான் என்று முடித்தாள்.

டிரெய்லரில் வந்த 'அவன் வந்துட்டான்' என்ற அவளுடைய வரியைக் கல்லூரிப் பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த வரியை நம்பித்தான் இரண்டாம் சீசனையும் அவளிடம் கொடுப்பதாக இருந்தார்கள். அடுத்த மாதம் இரண்டு சீசனும் சேர்ந்து வெளியாகின்றன. தப்பைச் சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் ஏழாவது பாகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"'அவர்'னு மாத்திரு. ஆம்பளைக்கும் ஆகும், பொம்பளைக்கும் ஆகும்," என்றான் அவள் கணவன் லியோன். கீரனூரில் பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தான்.

"பேய்ப்படைத் தளபதி சொல்றான், 'அவரை வெட்டிப் போடுங்கடா'ன்னு. நல்லாருக்கா?"

"வெட்டுறவன் மரியாதையா வெட்டுனா என்ன?"

"நீங்க அங்கிட்டுப் போங்க."

அவன் வாசலுக்குப் போன நேரம் போன் அடித்தது. குளத்தூரிலிருந்து அவன் அம்மா சந்தனமேரி.

"இல்லம்மா, அது இன்னும் சாப்புடல. விடிஞ்சதுலேர்ந்து உக்காருது, எந்திரிக்குது. என்னத்தையோ தப்பா எழுதிருச்சாம்."

ஏஞ்சலுக்குச் சட்டென்று உறைத்தது. அது. உக்காருது. எழுதிருச்சு. வீட்டுப் பெண்ணை, பிள்ளையை உரிமையோடு சொல்லும் 'அது'.

முதல் சீசன் கோப்பைத் திறந்தாள். 'அவன் வந்துட்டான்' என்பதை அழித்து 'அது வந்துருச்சு' என்று அடித்தாள். பேய்ப்படை நடுங்கிக்கொண்டு 'அது' என்று சொல்லும்போது, மனிதரே இல்லாத ஏதோ ஒன்று. முகமூடி விழுந்த பிறகு கூட இருப்பவர்கள் சொல்லும்போது, வீட்டுப் பிள்ளை. அங்கே ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

யோசித்தால் பயம் வந்துவிடும் என்று உடனே சென்னை நிறுவனத்தில் தனக்கு வேலை கொடுப்பவருக்குப் போன் போட்டாள்.

"பெலிக்ஸ் சார், மொத சீசன்ல தப்பு நடந்துருச்சு. என் தப்புதான்." முழுவதையும் சொன்னாள்.

"எத்தனை எடம்?"

"இருநூத்திப் பதினாலு."

"அந்த ஸ்டேட்டஸ் வரியுமா?"

"அதுதான் சார் மொத எடம்."

"'அவன்' போச்சுன்னா பசங்க திட்டுவாங்க ஏஞ்சல்."

"ஏழாவது பாகம் வரைக்கும்தான் சார் திட்டுவாங்க."

பெலிக்ஸ் இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றி முணுமுணுப்பது கேட்டது.

"திங்கக்கிழமை காலையில பன்னெண்டு பாகமும் என் கையில இருக்கணும். பாத்துட்டுத்தான் ரெண்டாம் சீசன் யாருக்குன்னு சொல்வேன்."

லியோன் தட்டைக் கொண்டுவந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தான். "என்ன சொன்னாரு?"

"திங்கக்கிழமைன்னாரு."

"சாப்புட வேணாம்னு சொல்லலைல்ல?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். இரண்டாவது இடத்தில், தளபதி தன் ஆட்களிடம் 'எவ்வளவு அடிச்சாலும் அவனுக்கு வலிக்காது' என்கிறான். 'அதுக்கு வலிக்காது' என்று மாற்றினாள். ஏழாவது பாகத்தில் முகமூடிக்குள்ளே பார்த்த, வலியில் சுளித்திருந்த அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. உட்கார முடியவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, நின்றபடியே மூன்றாவது இடத்தைத் தேடினாள்.