பக்கத்து இருக்கை பிரேக்

"அக்கா, இதை யாரோ ஏறி மிதிச்சிருக்காங்க" என்று காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தபோது, என் கையில் ஃபோன் நாலாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது. இவர்தான். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முதல் மூன்று முறையும் ஒரே விஷயம். வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு நான் போவதற்கான விமான டிக்கெட்டை நாளைக் காலை பத்து மணி வரைதான் பிடித்து வைத்திருப்பார்களாம், அதற்குள் உறுதி செய்யாவிட்டால் கைநழுவிப் போய்விடுமாம். நாலாவது முறையும் அதையேதான் சொல்லப்போகிறார் என்று எடுக்கவில்லை.

மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்து, கழற்றிய கம்பியை என் கையில் வைத்தார். முழ நீளம் இருக்கும். நேராக இருக்கவேண்டியது நடுவில் மடங்கியிருந்தது. "சும்மா மிதிச்சா இப்படி வளையாதுக்கா. உடம்பு வெயிட்டு மொத்தமும் கால்ல இறங்கியிருக்கணும். கத்துக்குடுக்கறவங்க யாரும் இப்படி மிதிக்க மாட்டாங்க."

அதை எனக்கு அவர் சொல்லவேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள் நான். இந்தக் கார் அந்த ஸ்கூலின் கார். பழசானதும் அவர்கள் விற்க, நான் வாங்கி நாலு வருடம் ஆகிறது. ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு பிரேக். இரண்டையும் இணைப்பதுதான் இந்தக் கம்பி. பக்கத்து பிரேக்கை மிதித்தால் ஓட்டுபவரின் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும். கார் ஸ்கூலுடையதாக இருந்தவரை அந்தப் பக்கத்து இருக்கை என்னுடையது. குழந்தையின் முதுகைத் தட்டுகிற அளவுக்குத்தான் அந்தப் பெடலை நான் தொட்டிருக்கிறேன். கார் என்னுடையதான பிறகு நான் இந்தப் பக்கம், ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டேன். நாலு வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் ஒரே ஒரு ஆள்தான்.

கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் போன தூரத்தைக் கூட்டினால் உலகத்தைச் சுற்றி வந்திருப்பேன். ஆனால் போனதெல்லாம் ஸ்கூல் வாசலிலிருந்து ரவுண்டானா, ரவுண்டானாவிலிருந்து ஸ்கூல் வாசல். செக்குமாடுகூட என்னைப் பார்த்தால் பாவப்படும். அதனால்தான் அந்த ஆசை. நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்தொன்பது நாள், நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். பாதி வழியில் ஒரு மலைப்பாதை. ஜூன் நடுவில் பனி விலகித் திறப்பார்கள், பதினோரு வாரத்தில் திரும்ப மூடிவிடுவார்கள். அந்தப் பதினோரு வாரத்துக்குள் போனால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மலைக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று எங்கள் ஊரைத் தாண்டி இருபத்தெட்டு கிலோமீட்டரில் உள்ள குன்றுக்கு இவரும் நானும் போனோம். இறங்கும்போது நாலாவது வளைவில், இரண்டாவது கியரில், நிதானமாகத்தான் திருப்பினேன். திடீரென்று பிரேக் என் காலுக்குக் கீழே பள்ளத்தில் விழுந்தமாதிரி இறங்கியது. சக்கரங்கள் இறுகி, காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, கைப்பிடிச் சுவரில் போய் மோதி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இவருக்கு நெற்றியில் மூன்று தையல். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. காரில் வெளியே நசுங்கியதை மட்டும் தட்டிச் சரிசெய்தார்கள், அடியில் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே கேட்டேன். "நீங்க மிதிச்சீங்களா?" "நானா? என் கால் அங்க எங்க போச்சு?" என்றார். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் பொய் சொல்லாத மனுஷன். நம்பினேன். 'நான் மிதிக்கவே இல்லை மேடம், பிரேக் தானா இறங்கிடுச்சு' என்று எத்தனை மாணவர்கள் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க என்று நான் சிரித்திருக்கிறேன். இப்போது அதே வாக்கியத்தை நான் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று, என் கால்தான் என்று ஒப்புக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்கள் சொந்தக்காரர்கள். வேறு ஒருத்தனாக இருந்தால் கார் சாவியையே பிடுங்கியிருப்பான், இவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே என்று என் நாத்தனார் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. நன்றியில்.

அதற்குப் பிறகு என் காலை நான் நம்பவில்லை. இறக்கத்தில் வலது கால் நடுங்கும். ஸ்கூலில் மேட்டுப் பாடம் வேண்டாம், சமதளத்தில் புதியவர்களை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்து, ஊசியால் பாதத்தில் குத்திப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்றார். பக்கத்து நாற்காலியில் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

"கழட்டிடவாக்கா, இல்ல புதுக் கம்பி போடவா?" என்று மெக்கானிக் கேட்டார்.

கழற்றச் சொல்லித்தான் காரைக் கொண்டுவந்தேன். ஒரு மாதத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவைத்த நாள் இது. மகள் வீட்டுப் பேச்சு வந்த பிறகும் ரத்து செய்ய மனசு வராமல் ஒரு வீம்பில் வந்திருந்தேன். இவருக்கு நீளமான கால்கள், பத்தொன்பது நாளும் அந்தப் பெடல் இடிக்குமே, எடுத்துவிட்டால் வசதியாக நீட்டிக்கொள்வாரே என்று நினைத்திருந்தேன். என் நினைப்பில் இடி விழ.

"புதுசு போட்டுடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் என் பழைய, புதிய பாஸ்போர்ட் இரண்டும் புகைப்படங்களும் லேப்டாப்பும் பரப்பியிருந்தன. இவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு அறுந்தால் லிஃப்ட் நிற்குமா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. எதையும் ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாஸ்போர்ட் எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். தையல் போட்ட தழும்பு கண்ணாடிக்குக் கீழே தெரிந்தது.

"வந்துட்டியா? ஜூன் அஞ்சுக்கு. ஜன்னலோர சீட்டு கேட்டிருக்கேன்" என்றார்.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஜூன் பதினைந்திலிருந்து நான் பென்சிலால் இழுத்த கோடு இன்னும் அழியாமல் இருந்தது. முதல் வருடக் கோட்டை இவருடைய தம்பி மகளின் கல்யாணம் அழித்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தேதி கொடுத்தார்கள். குடும்பத்தில் மூத்தவர் என்று இவரிடம் கேட்டபோது, சரியாக அந்தப் பதினோரு வாரத்துக்குள் வருகிற தேதியைத்தான் இவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது வருடம் மகள் வெளிநாட்டில் குடியேறினாள், வீடு பார்க்க ஆறு வாரம் போனோம். இலையுதிர் காலத்தில் அழகாக இருக்கும் அப்போது வாங்களேன் என்றுதான் மகள் கூப்பிட்டிருந்தாள். கோடையிலேயே போகலாம் என்றது இவர்தான். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான், பயணம் எங்கே ஓடிப்போகிறது என்று ரப்பரை எடுத்தேன்.

மகளை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் தூங்கி எழுந்த முகத்தோடு, வயிற்றுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, உனக்கு டாக்டர் குடுத்த தேதி ஜூலை இருபத்தஞ்சுதானே? நான் ஜூன் அஞ்சுக்கே எதுக்கு?"

"நீதானேம்மா சீக்கிரம் வரணும்னு தவிக்கிறே? அப்பா சொன்னாரே. அவ இங்க உக்காந்து புலம்பிட்டு இருக்கா, நீயே கூப்பிட்ட மாதிரி கூப்பிடுன்னாரு. அதான் ஜூன்ல வரேன்னு சொன்ன அத்தையை வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன்." அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்பந்தி. "எனக்கு நீ ஜூலை பத்துக்கு வந்தாலே போதும். ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. சும்மா கேட்டேன். அத்தைகிட்ட இன்னும் முடிவா எதுவும் சொல்லாத. நாளைக்குப் பேசறேன்."

ஃபோனை வைத்தேன். இவர் பாஸ்போர்ட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மெக்கானிக் கம்பியைக் காட்டினாரு. வளைஞ்சிருக்கு."

எந்தக் கம்பி என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"பயந்துட்டேன்" என்றார்.

"அது புரியுது. பயம் யாருக்கும் வரும். அப்புறம்?"

"அப்புறம் நீ உன் கால்னு சொன்னே. நான் சரின்னுட்டேன்."

"டாக்டர் என் முட்டியில தட்டினாரே. அப்பக்கூடச் சொல்லத் தோணலையா?"

"தினமும் தோணுச்சு. நாள் ஆக ஆகச் சொல்றது பெருசாயிட்டே போச்சு."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. பெடலை மிதித்ததற்காக இல்லை. என்னை மன்னித்தாரே, அதற்காக. மூன்று வருடம், செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அந்த மன்னிப்புக்கு நன்றியாக இவர் சொன்ன தேதிக்கெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன். மேட்டுப் பாடத்தை விட்டேன். என் காலையே எனக்கு அந்நியமாக்கிக்கொண்டேன். பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

"என் பக்கத்துல உக்கார அவ்வளவு பயம்னா சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் தனியா போயிருப்பேன்."

"உன் பக்கத்துல உக்கார பயம் இல்ல." பாஸ்போர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அந்தப் பெடல் பக்கத்துல உக்காரத்தான் பயம். திரும்பவும் மிதிச்சிடுவேன். அது மலை. ரெண்டாவது தடவை சுவர் இருக்காது."

"கழட்டிப் போடுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏன்னு கேப்பியே."

கேட்டுத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் காட்டாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் துலக்கினேன். துலக்கிய பாத்திரங்களையே திரும்பவும் துலக்கினேன். கைகள் வேலை செய்துகொண்டிருக்க, மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஜூன் பதினைந்தில் கிளம்பினால் ஜூலை மூன்றில் அந்த முனை. அங்கேயும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்தே இருவரும் மகளிடம் பறந்தால் பத்துக்கு முன்னாலேயே போய்விடலாம். அத்தை ஜூனில் வருகிறேன் என்றாரே, வரட்டும். கார் அங்கேயே மூன்று மாதம் நிற்கட்டும். திரும்பி வரும்போது மலை மூடியிருக்கும், கடலோரச் சாலையில் வரலாம். மூன்று வருடமாக ஒரு கோட்டை அழித்து அழித்து எழுதியவளுக்கு, பிரசவத்தையும் பயணத்தையும் ஒரே கோட்டில் கோர்க்கலாம் என்பது அந்தக் கோபத்தில்தான் தோன்றியது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று இருந்தது.

காலை ஆறரை மணிக்குக் காரைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். இவர் குளித்துச் சட்டை மாட்டி, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க."

"எங்க?"

"ஏறுங்கன்னேன்."

கதவைத் திறந்தவர், கீழே பார்த்தார். புதுக் கம்பியோடு பெடல் பளபளவென்று இருந்தது. "கழட்டலையா?"

"கழட்டல. அது இருக்கும்போதே உக்காருங்க, பாக்கலாம்."

காரைக் குன்றுப் பக்கம் விட்டேன். டிக்கெட்டின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோம். குன்றின் உச்சிவரை ஏறித் திரும்பினேன். இறக்கத்தின் முதல் வளைவிலேயே என் வலது கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. குற்றம் என்னுடையது இல்லை என்று தெரிந்தபிறகும் நடுங்கியது. மூளைக்குச் சொன்ன செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை போல. இரண்டாவது வளைவு. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூன்றாவது. பக்கத்தில் இவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இவர் காலைப் பார்க்கக்கூடாது, சாலையைப் பார்க்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது வளைவு தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் நாங்கள் மோதிய இடத்தில் மட்டும் வேறு நிறத்தில் பூசியிருந்தார்கள். இரண்டாவது கியருக்கு இறக்கினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் இவர்.

நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் ஏதோ அசைந்தது, முட்டி ஒன்று கியர் மேல் இடித்து விலகியது. அந்த நீளக் கால்களைக் கையால் பிடித்து இழுத்து ஒவ்வொன்றாக மடக்கி, அறுபது வயது மனுஷன், அந்தச் சின்ன இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார். இரண்டு பாதங்களையும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண்கள் திறந்தே இருந்தன.

நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கீழே தரைவிரிப்பில் அவருடைய செருப்புகள் மட்டும் கிடந்தன. கார் வளைய வளைய அவை இரண்டும் சேர்ந்து மெல்ல நகர்ந்து, பெடலுக்கு முன்னால் போய் நின்றன.