பூட்ஸ் கழற்றிய படம்

ஒரு தேசத்தின் நாகரிகம் அதன் பெண்கள் புடவை உடுத்தும் நேர்த்தியில் இருக்கிறது என்பது சுந்தரேசனின் சித்தாந்தம். கல்கத்தா கிளைவ் தெருவில் ஆங்கிலேயர் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவான அவருக்குத் தினமும் காலையில் தலைப்பாகை கட்டிவிட்டவள் அவர் மனைவி காமு.

சென்னை மாதர் பத்திரிகை ஒன்றுக்குப் படங்களாலேயே கதை சொல்லுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ‘நவநாகரிக மாதின் ஒரு நாள்’ என்று தலைப்பு. கதை அவருடையது, புடவையும் அதற்குள் நிற்கும் ஆளும் காமு, படம் பிடிக்க, பவானிபூரில் ஸ்டூடியோ வைத்திருந்த நிவாரண் பாபு. அது வெளிவந்தால் சென்னையில் தம் பெயர் நிலைத்துவிடும் என்று ஆபீஸில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

காமுவுக்கு வங்காளி மாதர் பாணியில் ஜாக்கெட், தோளில் ப்ரூச், காலில் பூட்ஸ். திரையில் வரைந்த பியானோ பக்கத்தில் ஒரு படம், வரைந்த ஏரிக்கரையில் ஒன்று, இங்கிலீஷ் புஸ்தகத்தோடு ஒன்று, புலித்தோல்மேல் நின்று ஒன்று. தலை அசையாதிருக்கப் பிடரியில் இரும்புக் கவை. நாலும் முடிந்ததும் காமு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். சிவந்திருந்த குதிகாலைத் தேய்த்துக்கொண்டே நிவாரண் பாபுவிடம் வங்காளியில் ஏதோ சொன்னாள். அந்தப் பாஷை அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பழகி வந்தது. சுந்தரேசனுக்கு வரவில்லை. நிவாரண் பாபு சிரித்தார். மேல்ஜன்னல் திரையை அவள் கைகாட்டிய பக்கம் இழுத்துவிட்டார். ஏரிக்கரையைச் சுருட்டி மூலையில் சாய்த்தார். கதாசிரியருக்கு இதில் வேலை எதுவும் இருக்கவில்லை.

“என்ன சொல்றார்?” என்று காமுவிடம் கேட்டார் சுந்தரேசன்.

“கடைசிப் படம் இதுதான்னு நான்தான் சொன்னேன். நாள் பூரா நாகரிகமா நின்னுட்டு ஆத்துக்கு வந்தா, முதல்ல பூட்ஸைத்தானே கழட்டுவா? அது இல்லேன்னா கதை எங்கே முடியறது?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் நிவாரண் பாபு கறுப்புத் துணிக்குள் புகுந்துவிட்டார். காமு, பேசும்போது முகத்தில் வந்த சிரிப்பைக் கலைய விடாமல் கண்ணாடித் தகட்டுக்காகப் பிடித்துவைத்திருந்தாள்.

பிரதிகள் தயாரானதும் சுந்தரேசன் போய்ப் பார்த்தார். ஐந்தாவதில் இருந்த பெண்ணை அவர் வீட்டில் பார்த்ததே இல்லை. அது அவருக்குக் கோபமாக வந்தது. வெறுங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தலைமைக் குமாஸ்தாவின் மனைவிக்கு லட்சணமல்ல என்றார். தகட்டைச் சுரண்டச் சொன்னார். மற்ற நாலும் தாம் எடுத்தவை, இது பௌதி எடுத்தது என்று நிவாரண் பாபு கெஞ்சிப் பார்த்தார். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி; அப்படி அழைத்து உறவு கொண்டாடுவதும் சுந்தரேசனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கண்ணெதிரே கத்தி கண்ணாடியில் கிறீச்சிட்டது. பிரதியையும் கிழித்தாயிற்று. செய்தி கேட்ட காமு, பூட்ஸைத் துடைத்துப் பரண்மேல் போட்டாள்.

சொந்தக் காரியமாகக் கல்கத்தா வந்த, அந்த மாதர் பத்திரிகையின் ஆசிரியர் பட்டாபிராமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். நாலு படங்களையும் கையில் வாங்கி, முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தார்.

“புடவையை நன்னா நிறுத்தி வெச்சிருக்கேள், ஸார். ஆனா இந்தம்மா எங்கேயும் போகலை, எங்கேருந்தும் வரலை. கடைசியா ஒண்ணு இருக்கணுமே? ஆத்துக்கு வந்து, அப்பாடான்னு உட்கார்ற மாதிரி?”

காபி கொண்டுவந்த காமு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். படங்கள் வேண்டாம், விஷயத்தைக் கட்டுரையாக எழுதினால் போடலாம், கூட உங்கள் உருவப்படம் ஒன்று அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பட்டாபிராமன் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் சுந்தரேசன் சமையலறை வாசலில் வந்து நின்றார். இன்னொரு தடவை ஸ்டூடியோவுக்குப் போய் வரலாமா என்று கேட்டார்.

“அன்னிக்கு பூட்ஸ் கடிச்சுது, சிரிப்பு வந்துது. இப்போ கடிக்கலையே” என்றாள் காமு, அடுப்பைப் பார்த்தபடி.

அப்புறம் அவர் கேட்கவில்லை. தம் உருவப்படத்துக்குத் தனியாகத்தான் போனார். நிவாரண் பாபு அதைச் சட்டம் போட்டுக் கொடுத்தபோது, மேலே பொருத்தியிருப்பது அந்தச் சுரண்டிய கண்ணாடிதான் என்று சொன்னார். நல்ல கண்ணாடியை வீணாக்குவானேன். கூடத்தில் மாட்டிய அதன் முன்னால், யாரும் இல்லாத சமயங்களில், சுந்தரேசன் தலையைச் சாய்த்துச் சாய்த்து நிற்பார், அந்த ஐந்தாவது படத்தின் ஒரு கோடாவது மிச்சமிருக்கிறதா என்று. ஒன்றும் தெரிவதில்லை.

படம் எடுக்கப் போன அன்று, தலைப்பாகையைக் கட்டிவிடு என்று காமுவிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை; தாமே கட்டிக்கொண்டு போனார். படத்தில் அது இடது காதை மூடியிருக்கிறது.