விருச்சிகத்தில் ஒரு மணி நேரம்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அப்பாவின் பழைய வேலை நோட்டு ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு வரி. படித்துவிட்டு நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். எழுதுகிறவளுக்கு அதுதான் வராதே.

அப்பா ஒரு பெரிய மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். அழைப்பு மணிகள், மின்விசிறிகள், நாற்பத்தோரு சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் கோடை தொடங்கும்போது எல்லா இடத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். குளிர் வந்தால் மறுபடி பின்னால் இழுப்பார்கள். அந்த நாற்பத்தொன்றுக்கும் ஏணி போட்டு ஏறியவர் அப்பா. எந்த வார்டு, என்ன வேலை, எந்தக் கிழமை என்று ஒன்று விடாமல் நோட்டில் குறித்துவைப்பார்.

அந்த வரி இது: "பிரசவ வார்டு. கடிகாரம் ஒரு மணி முன்னால். செவ்வாய்."*

என் அக்கா அதே வார்டில் பிறந்தவள். அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

(* ஜோசியக் கதையில் செவ்வாய் என்றதும் ஏதோ குறியீடு என்று நினைப்பீர்கள். வேறு கிழமை போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் ஒரு கிரகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உண்மையிலும் செவ்வாய்தான், விட்டுவிடுங்கள்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"சந்திரன் விருச்சிகத்தைக் கடந்துகொண்டிருந்த அந்தக் காலையில், வானம்"

(நிறுத்திவிட்டேன். சந்திரன் மாதம் தவறாமல் விருச்சிகத்தைக் கடக்கிறது. வானத்துக்கு அதில் ஒரு விசேஷமும் இல்லை.)

"என் பெற்றோர் என் அக்காவைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்."

(பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. கணக்கு டீச்சர். சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். என் கதைகளில் தேதி, கிழமை, மணி மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விட்டதில்லை. "மூணாம் பக்கத்துல மழைக்காலம்னு சொல்ற, அஞ்சாம் பக்கத்துல அதே வாரம் புழுதி பறக்குது" என்பாள். இந்த வரியை அவள் படிப்பதை நினைத்ததும் கை ஓடவில்லை. அடித்தேன்.)

"ஒரு கிரகம் எந்த வீட்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் பலம்."

(பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனாலும் இதுதான் தேறுகிறது.)

3

அப்பாவுக்கு ஜோசியம் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காரர்கள்தான் ஆபத்து. தொழில்காரர் ஒரு பரிகாரத்தைச் சொல்லி அனுப்பிவைத்துவிடுவார்; இவர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ராசி என்கிற வீடுகள் பன்னிரண்டு. அவற்றில் கிரகங்கள் குடியிருந்து குடிபெயர்ந்துகொண்டே இருக்கும். சொந்த வீட்டில் இருந்தால் ஆட்சி. நட்பு வீடு, பகை வீடு என்றும் உண்டு. ஏதோ ஒரு ராசியில் அதற்கு உச்ச பலம். அங்கிருந்து எண்ணினால் ஏழாவது ராசியில், நேர் எதிரே, நீசம். பலமே இல்லாமல் போய்விடும். சூரியனுக்கு மேஷத்தில் உச்சம், துலாமில் நீசம். சனிக்கு அப்படியே தலைகீழ். சந்திரனுக்கு ரிஷபத்தில் உச்சம், விருச்சிகத்தில் நீசம். வாய்ப்பாட்டோடு சேர்த்து நான் மனப்பாடம் செய்தது இது. எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

எட்டு வயதில் அப்பாவிடம் கேட்டேன்.

"விருச்சிகத்துக்குப் போனா சந்திரன் கெட்டுப்போயிடுமாப்பா?"

"கெட்டுப்போகாது. அதே சந்திரன்தான்."

"அப்ப என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. இருக்கற வீடு சரியில்ல, அவ்ளோதான்."

எனக்குச் சந்திரன் ரிஷபத்தில். சந்திரன் தாயைக் குறிக்கும் கிரகம். நான் அம்மாவின் மடியிலேயே வளர்ந்தேன். அக்காவுக்கு விருச்சிகத்தில். அவள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள்.

4

நடந்தது இதுதான். அக்கா, இந்த இடத்தில் பேனாவை எடு.

கடிகாரத்தைத் தள்ளிவைக்க வேண்டிய அந்த ஞாயிறன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனைக்குத்தான் போனார், பிரசவ வார்டு வாசலில் நிற்க. கையில் கடிகாரம் கட்டும் பழக்கம் அவருக்கு இல்லை, ஏணியில் ஏறும்போது எதிலாவது மாட்டும் என்பார். நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்று சொல்லி, நேரம் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். பத்து இருபது.

அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் விடவே இல்லை. பத்தாம் நாள் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோடை நேரம் வந்துவிட்டதால் கடிகாரம் காட்டுவதில் ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். மற்றவர்கள் கழிக்க மறந்துவிடுவார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. "ஒரு மணி நேரம் கழிக்கத் தெரியாதவன்லாம் ஜாதகம் கணிக்கிறான்" என்பார். கழித்தார். ஒன்பது இருபது. சந்திரன் விருச்சிகத்தில் இருபத்தொன்பது பாகை, நாற்பத்தைந்து கலை. ஒரு ராசிக்கு முப்பது பாகை, ஒரு பாகைக்கு அறுபது கலை. விருச்சிகம் முடிய இன்னும் கால் பாகைதான் பாக்கி, ஆனாலும் விருச்சிகம்தான். நீசம். தாய்க்கு ஆகாது.

நீசத்தை முறிக்கும் விதிகளும் உண்டு, நீசபங்கம் என்பார்கள். ஒரு வாரம் தேடினாராம். கிடைக்கவில்லை. அம்மாவின் காய்ச்சல் நூற்று மூன்று. குழந்தை இல்லாத பெரியம்மா, "ஏழு வயசு வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று வந்து நின்றார். ஒரே பஸ், பன்னிரண்டு நிறுத்தம் தள்ளி அவர் வீடு. ஏழு வயதில் அழைத்துவரப் போனபோது அக்கா பெரியம்மாவின் கையை விடவில்லை. யாரும் இழுக்கவும் இல்லை.

இப்போது அந்த நோட்டு. பிரசவ வார்டுக் கடிகாரம் முன்னால் தள்ளப்பட்டது செவ்வாய்க்கிழமை. அதைத் தள்ள வேண்டிய ஆள் ஞாயிறன்று அதே வார்டின் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் பார்த்தது தள்ளப்படாத கடிகாரம். பத்து இருபது பத்து இருபதேதான், அதிலிருந்து எதையும் கழித்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் சந்திரன் சுமார் அரைப் பாகை நகரும். இருபத்தொன்பது நாற்பத்தைந்தோடு அரைப் பாகையைக் கூட்டினால் அடுத்த ராசி, தனுசு. அங்கே நீசம் இல்லை.

5

என் கதையில் எனக்கே நம்பிக்கை வராத ஆள் அப்பாதான். கடிகாரத்தைத் தள்ளாதது அவர். தள்ளவில்லை என்று செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டு தள்ளியதும் அவர். அதைத் தன் கையால் எழுதியவரும் அவர். பத்து நாளில் எப்படி மறப்பார்? இப்படி ஒரு பாத்திரத்தை நான் கற்பனையாக எழுதியிருந்தால் அக்கா விளிம்பில் "நம்பும்படி இல்லை" என்று எழுதியிருப்பாள்.

முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரராக ஆக்கினேன். வசதியாக இருந்தது. ஆனால் வாராவாரம் பஸ் ஏறிப் போய்ப் பெரியம்மா வீட்டு மின்விசிறியை "சத்தம் வருது" என்று கழற்றி மாட்டியவரும் அவர்தான். அந்த விசிறி ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை என்று பெரியம்மாவே சொல்லியிருக்கிறார். இரண்டாம் வரைவில் அவரை அப்பாவியாக ஆக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. எனவே அவரிடமே போனேன்.

6

வெள்ளையடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்த மதியம். சாமான்கள் எல்லாம் கூடத்தின் நடுவில், மேலே பழைய செய்தித்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நேரடியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஏம்பா, நாப்பத்தோரு கடிகாரத்தையும் ஒரே நாள்ல மாத்திடுவீங்களா?"

"பின்ன? சனிக்கிழம சாயங்காலம் ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன். ஒரு தடவகூடத் தவறினதில்ல." கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஒரு வருஷந்தான். உங்க அக்கா பொறந்த வருஷம். பாதி வார்டு நின்னுபோச்சு. திங்கக்கிழமயும் லீவு. செவ்வாக்கிழம போயித்தான்..."

அதோடு நின்றுவிட்டது. நான் நோட்டை நீட்டவே இல்லை. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் பழைய பஞ்சாங்கம் எங்கம்மா வெச்ச?"

எடுத்துக் கொடுத்தேன். செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். இரண்டு முறை. மூன்றாவது முறை என்னைப் போடச் சொன்னார்.

"தனுசு, பதினேழு கலை," என்றேன்.

"மூல நட்சத்திரம்." சிரிக்கப் பார்த்தார். "அப்பவும் விட்டிருக்க மாட்டாங்க. மூலத்துல பொறந்த பொண்ணு மாமனாருக்கு ஆகாதும்பாங்க."

"மாமனார் வர்றதுக்கு இருபத்தஞ்சு வருஷம் இருந்துச்சேப்பா. அதுவரைக்கும் அம்மாகிட்ட இருந்திருப்பா."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான். அம்மா டீயோடு வந்து, "அப்பனும் பொண்ணும் என்ன கணக்குப் போடறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. அம்மா போன பிறகு, "நர்ஸ் குடுத்த சீட்டுல இருந்த நேரத்தப் பாத்தேன்மா. ஒரு மணி நேரம் கழிக்கணும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தானேன்னு கழிச்சேன். கடிகாரத்தப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றார். பிறகு, "அவகிட்ட நானே சொல்றேன். நீ எதும் எழுதிகிழுதித் தொலைக்காதே."

அது ஐந்து வாரத்துக்கு முன்னால்.

7

முடிவுகள் சில இருக்கின்றன.

(அ) அப்பா சொல்கிறார். அக்கா அழுகிறாள். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை.

(ஆ) யாரும் சொல்வதில்லை. எண்பது வயது மனிதரின் தலையில் இதைக் கட்டி என்ன ஆகப்போகிறது? நோட்டு பழைய பேப்பரோடு போய்விடுகிறது, அப்பா ஒரு நாள்

(இதை முடிக்க மாட்டேன்.)

(இ) அக்கா, "அதனால என்ன?" என்கிறாள். இது நடக்கக்கூடியது. பெரியம்மா வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பத்து வயதில் அந்த வீட்டுச் சாவிக்கொத்து அவளிடம். சாகும்வரை பெரியம்மா அவளைக் கேட்காமல் ஒரு திரைச்சீலை மாற்றியதில்லை. அங்கே அவள் ஆட்சி. எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் இறங்கிவிடும். நான் அம்மாவை நீ, வா, போ என்பேன். அவள் இன்றும் "நீங்க" என்கிறாள். அதே அக்காதான், வீடுதான் வேறு. ஜோசியத்தில் நான் நம்பக்கூடிய ஒரே விதி இதுதான்.

போன ஞாயிறு சாமான்களை எடுத்துவைக்க அக்கா வந்தாள். மூன்று மணி நேரம் எங்களோடு அலமாரி தூக்கினாள். வியர்த்துக் கொட்டியது. அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கம்மா, இதையெல்லாம் கேக்கணுமா," என்றாள் அம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் மாறியதில்லை.

அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். "உங்க வீட்டு ஃபேன் சத்தம் வருதாம்மா?" என்றார்.

"இல்லப்பா, நல்லா ஓடுது," என்றாள் அக்கா.

8

முடிவு என்னிடம் இல்லை. வாசகர்களே, வழக்கமாக இந்த இடத்தில் உங்களிடம் கொடுத்துவிட்டு நான் நழுவிவிடுவேன். இந்த முறை மன்னியுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருத்தி படித்தாக வேண்டும். அவள் திருப்பித் தந்தால்தான் இது உங்களிடம் வரும். வந்திருந்தால், அவள் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அக்கா, இதைப் படிக்கிற நீதான் என்னுடைய முதல் வாசகி. அப்பா எழுதாதே என்றார், நான் எழுதிவிட்டேன். அவர் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். எனக்குக் கிடைத்த அம்மாவில் பாதி உன்னுடையது என்று தெரிந்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நாலாம் பகுதியில் உள்ள கணக்கை நீயே போட்டுப் பார். தப்பிருந்தால் சிவப்பில் சுழி. இருக்காது.

அப்பாவிடம் என்ன பேசுவது என்பது உன் இஷ்டம். பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு வரும்போது தாகம் எடுத்தால் யாரையும் கேட்காதே. டம்ளர்கள் இப்போது இடம் மாறிவிட்டன: அடுக்களையில் நுழைந்ததும் இடது கைப் பக்கம், இரண்டாவது தட்டு. எடுத்துக் குடி.