நான்கு நிமிடம்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அவள் அணைத்தாள். அவன் எழுந்துபோய் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டிகளை உதிர்த்து இரண்டு பாலித்தீன் பைகளில் போட்டு, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டான். ஒன்று வலது முழங்காலுக்கு, ஒன்று இடது தோளுக்கு. அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டினாள். அவன் பாண்டேஜ் சுற்றினான். இருபது நிமிடம். அதற்குள் காப்பி. கல்யாணமான ஆறு வருடமாக இதே வேலை.

"நீ கட்டுறதைப் பார்த்தா வெளியூருக்குப் பார்சல் அனுப்புற மாதிரியே இருக்கு."

"ஸ்டாம்பு ஒட்டட்டுமா?"

"ஒட்டு. அப்படியே தோளுக்கு இன்னொரு பை வை. ரெண்டு நாளா கை வரைக்கும் இழுக்குது."

வைத்தான். ஆடிய காலத்தில் மூன்று முறை மூட்டு இறங்கிய தோள் அது. இழுத்தால் ஐஸ். இருவருக்குமே வேறெதுவும் தோன்றவில்லை.

தோள் இல்லை, இதயம் என்று அன்று மாலை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பத்துநான்கு வயது. "ரெண்டு நாளாவே அறிகுறி இருந்திருக்கணுமே, யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். கவனித்தோம், நன்றாக இறுக்கிக் கட்டினோம் என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை குளிர்பெட்டி வந்தது. அவள் கால் உள்ளே போகவில்லை. ஆறடி என்று அவன் போனிலேயே சொல்லியிருந்தான்.

"பொம்பளைன்னு சொன்னீங்களே சார்," என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

"ஆறடின்னும் சொன்னேன்."

வேறு பெட்டி வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவளுடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே சரியாக இருந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு கிளப் செயலாளர் வந்தார். பின்னால் கொடியோடு ஒருவர், கேமராவோடு ஒருவர், நேற்று ஜெயித்த கோப்பையோடு அணியின் கேப்டன் பெண். செயலாளருக்கு அணியில் 'குரூப் ஃபோட்டோ' என்று பெயர். எந்தப் படத்திலும் நடுவில் இருப்பார். பெயர் வைத்தவள் இப்போது பெட்டிக்குள் இருந்தாள்.

அந்தக் கூடைப்பந்து கிளப்புக்கு அவள் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடினாள். ஏழாம் நம்பர். கடைசி இரண்டு வருடம் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டுதான் இறங்குவாள். டிரெஸ்ஸிங் ரூம் கதவுக்கு வெளியே இதே செயலாளர் நின்று "ரெடியாம்மா?" என்பார். "ரெடி சார்." ஒருநாள் முழங்கால் மொத்தமாகப் போனது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற கடிதம் ஆஸ்பத்திரிக்கே வந்தது. அடுத்த மாதம் ஏழாம் நம்பரை வேறொருத்தி போட்டுக்கொண்டு ஆடினாள். இரண்டு வருடம் கழித்து, அணி கடைசி இடத்தில் கிடந்தபோது, கோச்சாக வரச்சொன்னார்கள்.

"வெட்கமில்லாம கூப்பிடுறாங்க. நீயும் போறியா?" என்று அவன் கேட்டான்.

"போகாம? எனக்கு வேற என்னடா தெரியும்?"

ஐந்தாவது வருடம் இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்துவிட்டாள்.

செயலாளர் கொடியைப் பிரிக்கச் சொன்னார். "தம்பி, பெட்டி மேல இதைப் போர்த்திடலாம். கப்பைக் கால்மாட்டுல வைப்போம். பத்திரிகைக்கு ரெண்டு வரி எழுதியிருக்கேன், கேட்டுக்கங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உயிர் போகும் வேளையிலும், 'எனக்காக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்' என்று கூறிய வீராங்கனை.

தலைமாட்டில் இருந்த அத்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அப்படியா சொன்னா?"

நேற்று, ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது அவள் பெஞ்சுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த அவன் இறங்கி ஓடினான். அவள் பக்கத்தில் அரை நிமிடம் இருந்திருப்பான். அப்புறம் நடுவர் மேசைக்கு ஓடினான். வழியில் செயலாளர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மயக்கமா இருக்கும் தம்பி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. பின்வாசலுக்கு வரும். நாலே நிமிஷம், லீடிங்ல இருக்கோம்." உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இல்ல அத்தை. அப்படிச் சொல்லலை," என்றான்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நல்லதாத்தானே எழுதியிருக்கு? அவங்களுக்குப் பெருமைதானே?"

"உங்களுக்குத்தான் வசதி."

"என்ன பேசுறீங்க?"

"நாலு நிமிஷம் நிறுத்தாதது நீங்க. அதை அவ வாயில வைக்கிறீங்க."

"சரி, அப்ப என்னதான் சொன்னாங்க? சொல்லுங்க, அதையே போட்டுடுறேன்."

அவன் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே செருகினான். சட்டையில் லேசாகத் தட்டினான். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது. செயலாளர் ஓரடி பின்னால் போனார்.

"கொடியைச் சுருட்டுங்க. அவளுக்குக் கொடுத்த கடுதாசி மாதிரி, நானும் மரியாதையா சொல்றேன். நீட்டிக்க முடியாது."

"எடுத்துட்டுப் போங்கய்யா," என்றார் அத்தை. குரல் உயரவில்லை. கேமராக்காரர்தான் முதலில் வெளியேறினார்.

கேப்டன் பெண் மட்டும் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரோரம் நின்றாள். இருபது வயதிருக்கும். உடம்பின் பாரமெல்லாம் இடது காலில். வலது கணுக்கால் சாக்ஸுக்கு மேலே பந்துபோல் வீங்கியிருந்தது.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா. லேசா இழுக்குது."

அவன் குனிந்து அந்தக் கணுக்காலைப் பார்த்தான்.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"ஞாயித்துக்கிழமை வேற டோர்னமென்ட்ல மேட்ச் இருக்கண்ணா. சார் ஊசி போட்டுக்கலாம்னு சொல்லியிருக்கார். கோச் இருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்பாங்க? அவங்க ஒருநாளும் வலின்னு சொல்லி நாங்க கேட்டதில்லை."

அவன் கோப்பையை அவளிடமிருந்து பிடுங்கித் தரையில் வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.

"உட்காரு."

"பரவாயில்லண்ணா..."

"உட்காருன்னேன்."

உட்கார்ந்தாள். அவன் எதிரே குந்தி அவளுடைய ஷூவின் நாடாவை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. நகம் வலித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"அண்ணா, கோச் கடைசியா என்ன சொன்னாங்க?"

அவன் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"வலிக்குதுடா, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லேன்னு சொன்னா."